குற்றாலத்துக் கூட்டம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஆடி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் ஆரவாரம் அடங்கிவிடும். முகூர்த்தம் இல்லாத மாதம். கல்யாணப் புடவை எடுக்க வரும் கூட்டம் ஆவணிக்குத்தான் திரும்பும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தறி வைத்திருக்கும் சில குடும்பங்கள், இந்த இடைவெளியில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வேன் அமர்த்திக்கொண்டு எங்கேனும் போய்வருவது வழக்கம். சென்ற ஆண்டு அவர்கள் குற்றாலத்துக்குப் புறப்பட்டார்கள். வேனில் ஓர் இடம் மிச்சமிருந்தது. "குற்றாலத்தப் பத்தி நீங்கதான் காலேஜ்ல பாடம் நடத்துறீங்க. நீங்க வராம எப்படி சார்?" என்று பெரியவர் ஒருவர் அழைத்தார். மறுக்க முடியவில்லை.

இருபது ஆண்டுகளாகக் குற்றாலக் குறவஞ்சியை வகுப்பில் நடத்தி வருகிறேன். ஆயினும் குற்றாலத்தை நான் அதற்குமுன் பார்த்தது ஒரே முறைதான். திருநெல்வேலியில் ஒரு கருத்தரங்குக்குச் சென்றபோது, பங்குனி வெயிலில், அரை நாள் ஒதுக்கிப் போய்வந்தேன். அருவி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பாறையும், அதன்மேல் நீர் வழிந்த தடமும் மட்டுமே இருந்தன. சீசனில் வரவேண்டும் என்று அன்று நினைத்துக்கொண்டதும் உண்டு. சீசன் வரும்போதெல்லாம் கூட்டத்தை எண்ணித் தயங்கி நின்றுவிட்டதும் உண்டு. இலக்கியத்தில் பார்த்த குற்றாலமே போதும் என்ற சமாதானம் எனக்கு வசதியாக இருந்தது. அந்தச் சமாதானம் எவ்வளவு குறைபட்டது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

*

ஏறத்தாழ 600 கிலோமீட்டர் பயணம். இரவெல்லாம் ஓடிய வேன் இராஜபாளையம் தாண்டியபோது விடிந்தது. இடப்புறம் வெயில், வலப்புறம் மலை முழுதும் மேகம். தென்காசியை நெருங்கும்போது சன்னல் வழியே ஈரக்காற்று வந்தது. பாலாற்றை மணலாகவே பார்த்துப் பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள், மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத அந்த நுண்துளிகளைக் கை நீட்டிப் பிடித்துக் கூச்சலிட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. பேருந்துகள், வேன்கள், கேரளப் பதிவெண் கொண்ட கார்கள், ஈரத் துண்டைத் தோளில் போட்டு நடக்கும் குடும்பங்கள். சாலையின் இருபுறமும் நேந்திரங்காய் வறுக்கும் வாணலிகள், மங்குஸ்தான் குவியல்கள், துண்டும் உள்ளாடையும் தொங்கும் கடைகள். பேரருவியின் முன் ஆண்களுக்கொரு வரிசை, பெண்களுக்கொரு வரிசை. நாங்கள் வரிசையில் சேர்ந்தபோது அருவியின் ஓசை மட்டுமே கேட்டது, அருவி தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஈரத்தோடு திரும்பி வருகிறவர்கள் எங்களை உரசிக்கொண்டு போனார்கள். யாரோ ஒருவர் கைப்பேசியில் பாட்டை உரக்க வைத்திருந்தார். ஷாம்பு உறைகள் காலடியில் மிதிபட்டன. கடைசியில் தண்ணீருக்கு அடியில் நுழைந்து, தலையில் இரண்டு பேரடி விழுந்ததை உணர்ந்து, மூச்சை இழுத்து நிமிர்வதற்குள் காவலர் விசில் ஊதிவிட்டார். அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

நனைந்த வேட்டியோடு வெளியே வந்தபோது என் மனத்துக்குள் ஒரு கட்டுரை தயாராகிக்கொண்டிருந்தது. கவிராயர் கண்ட திரிகூடமலை எங்கே, இந்தச் சந்தைக்கடை எங்கே என்று தொடங்கும் கட்டுரை. இரசிகமணி நண்பர்களோடு கம்பனைச் சுவைத்த அமைதி எங்கே என்று அதன் நடுப்பகுதி. இத்தகைய கட்டுரைகள் தமிழில் ஏராளம், படித்திருப்பீர்கள். அதை நான் ஏன் எழுதவில்லை என்பதற்கு, குற்றாலத்தின் பழைய கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

*

குற்றாலம் தமிழில் நெடுங்காலமாகப் பாடப்பெற்று வரும் ஊர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருக்குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், அங்குள்ள குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். ஊரின் பெயரால் ஒன்று, மரத்தின் பெயரால் ஒன்று. மாணிக்கவாசகரும் குற்றாலத்து இறைவனை விளித்திருக்கிறார்.

சம்பந்தர் பதிகத்தில் 'சாரல்' என்ற சொல் வருகிறது. இன்று குற்றாலம் என்றதும் நம் நினைவுக்கு வரும் சொல்லும் அதுவே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சங்கப் பாடல்களிலும் தேவாரத்திலும் சாரல் என்பது மலையின் சரிவு. மலையைச் சார்ந்த இடம். குறிஞ்சித் தலைவனைச் சாரல் நாடன் என்றால் மலைச்சரிவை உடைய நாட்டவன் என்று பொருள். பின்னாளில் அதே சொல் காற்றில் சாய்ந்து வரும் தூறலுக்குப் பெயராயிற்று. இன்று அரசு நடத்தும் சாரல் விழாவில் உள்ள சாரல் இந்தத் தூறல்தான். மலையைக் குறித்த சொல் மழையைக் குறிக்க வந்துவிட்டது. மலைச்சரிவில் நிற்பவனுக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதை அன்று வரிசையில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

அடுத்து நாம் வந்து நிற்பது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்கு நிலமளித்தார் என்பதும், அந்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றது என்பதும் தமிழ் மாணவர் அறிந்த செய்திகள்.

அந்நூலின் மலைவளப் பகுதியையே நாம் பாடப்புத்தகங்களில் எடுத்துவைக்கிறோம். குரங்குகளும் வேடர்களும் தேனருவியும் வரும் அந்தப் பாடல் மனப்பாடமாக இல்லாத தமிழாசிரியர் அரியர். அதனால் குறவஞ்சி என்றாலே மனிதர் குறைந்த, இயற்கை நிறைந்த ஒரு மலைதான் மாணவர் மனத்தில் பதிகிறது. நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். கட்டியங்காரன் வருகிறான், குற்றாலநாதர் பவனி வருகிறார், பவனியைக் காணப் பெண்கள் திரண்டு ஓடி வருகிறார்கள். அணிகளை மாற்றி அணிந்துகொண்டு, பாதி அலங்காரத்தோடு வருகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு இடையில்தான் பந்தாடும் வசந்தவல்லி இறைவனைக் கண்டு காதல் கொள்கிறாள். கூட்டமில்லாமல் குறவஞ்சிக்குத் தொடக்கமே இல்லை. இருபது ஆண்டுகளாக அந்தப் பகுதியை உலா இலக்கியத்தின் சாயல் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மலைவளத்துக்குத் தாவியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. மலையின் வளத்தைச் சொல்லும் பொறுப்பைக் கவிராயர் புலவன் வாயில் வைக்கவில்லை. குறி சொல்ல வந்த சிங்கியின் வாயில் வைத்தார். இது எங்கள் மலை என்ற உரிமையோடு பேசுகிறவள் ஒரு குறத்தி. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

*

கவிராயர் நூலில் பவனி உண்டு, விழா உண்டு; 'சீசன்' இல்லை. ஆங்கிலச் சொல் என்பதால் இல்லை என்று நகைக்கலாம்; கருத்தே அன்று இல்லை என்பதுதான் பொருள். கோயிலை ஒட்டிய அருவி அன்று தீர்த்தம். அமாவாசை, விசு என்று நாள் பார்த்து நீராடினார்கள். சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் இன்றும் குற்றாலநாதர் கோயிலின் பெருவிழாக்கள். சித்திரையும் ஐப்பசியும் அருவியின் சிறந்த மாதங்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நீராடலின் நாளைத் தீர்மானித்தது பஞ்சாங்கம்; மழைமானி அன்று.

ஆனி, ஆடி, ஆவணி என்ற தென்மேற்குப் பருவக் காலத்தை ஒரு தனிக் காலமாக வகுத்து அதற்கெனவே பயணம் வரும் பழக்கத்தை வளர்த்தவர்கள் வெள்ளையர். குற்றாலத்தின் நிலஅமைப்பு விசித்திரமானது. கடல்மட்டத்திலிருந்து சில நூறு அடி உயரமே உள்ள ஊர் அது. உதகை, கொடைக்கானல் போல மலைமேல் இருப்பதன்று. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடுகிறது. கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் காற்று அந்த இடைவெளி வழியே நுழைந்து, தன் ஈரத்தின் மிச்சத்தைத் தூறலாக இங்கே உதிர்க்கிறது. தமிழகத்தின் பெரும்பகுதி ஆடிக் காற்றில் காய்ந்து கிடக்கையில் இந்த ஒரு மூலை மட்டும் குளிர்ந்திருப்பது அதனால்தான். மலைமேல் பெய்யும் மழை சிற்றாற்றின் வழியே இறங்கிப் பேரருவியாகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் கொண்ட அப்பாறையில், இடையே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் அந்த நீரை மனிதத் தலை தாங்குகிறது.

திருநெல்வேலி வெயிலில் வாடிய கம்பெனி அதிகாரிகளுக்கு இது வரமாகப் பட்டது. உடல்நலம் தேறும் இடமாகக் குற்றாலம் அவர்கள் குறிப்புகளில் இடம்பெற்றது. பங்களாக்கள் எழுந்தன. ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்க்கும் தோட்டங்களும் அமைந்தன. தாவரவியலாளர் இராபர்ட் வைட் 1830களில் இங்குத் தாவரங்களைச் சேகரித்தார். திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் இங்கே ஓர் அரண்மனை இருந்தது. மலேயப் பக்கத்து மங்குஸ்தான் இன்று குற்றாலக் கடைத்தெருவின் அடையாளமாகிவிட்டது. எங்களோடு வந்த பிள்ளைகள் அதன் தோலைப் பிதுக்கி உடைத்துத் தின்றபோது, கவிராயர் இதைக் கண்டிருக்கமாட்டார் என்று சொல்லிவைத்தேன். "அவருக்குக் குடுத்துவைக்கல" என்றான் ஒரு சிறுவன்.

1904இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை இருப்புப்பாதை முழுமை பெற்றது. வண்டிமாட்டுப் பயணம் முடிந்து, இரயிலில் தென்காசி வந்திறங்கும் வழக்கம் தொடங்கியது. துரைகளைத் தொடர்ந்து வக்கீல்களும், ஜமீன்தார்களும், உத்தியோகஸ்தர்களும் சீசனுக்கு வந்து வீடெடுத்துத் தங்கலானார்கள். 'சீசன்' என்ற சொல் அவர்கள் வழியே தமிழுக்குள் வந்து, இன்று ஊர்க்காரர் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது.

இந்தக் காலத்தின் முடிவில் வருவதுதான் நாம் ஏக்கத்தோடு நினைவுகூரும் இரசிகமணியின் குற்றாலம். டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் நடத்திய வட்டத்தொட்டி, பிற்காலத்தில் குற்றாலத்தில் தொடர்ந்தது. இராஜாஜி வந்தார், காஞ்சியைக் களமாக்கிச் 'சிவகாமியின் சபதம்' எழுதிய கல்கி வந்தார், நீதிபதி மகாராஜனும் தொண்டைமான் பாஸ்கரனும் உடனிருந்தார்கள். அருவியில் குளியல், பிறகு விருந்து, பிறகு கம்பன். தமிழ்க் கவிதையைப் பண்டிதர் பிடியிலிருந்து விடுவித்து, வாய்விட்டுப் படித்துச் சுவைக்கச் சொல்லிக்கொடுத்ததில் அந்தக் கூட்டத்துக்கு உள்ள பங்கு பெரிது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்றைய குற்றாலத்தின் அமைதியைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. அந்த அமைதி யாரெல்லாம் வராததால் உண்டானது?

*

1934 ஜனவரியில் காந்தியடிகள் குற்றாலம் வந்தார். தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் அவர் மேற்கொண்டிருந்த ஹரிஜன யாத்திரையின் ஒரு பகுதி அது. அந்த மாதம் 15ஆம் தேதி பீகாரில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். அது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று காந்தி சொன்னதும், இயற்கை நிகழ்வுக்கு அப்படிக் காரணம் கற்பிப்பதைத் தாகூர் மறுத்து எழுதியதும் இந்திய வரலாற்றில் புகழ்பெற்ற விவாதம். அந்தப் பேச்சு நிகழ்ந்த இடம் திருநெல்வேலி. நாள் ஜனவரி 24.

அதே பயணத்தில் குற்றாலத்தில் நடந்தது அவ்வளவு பேசப்படவில்லை. அருவியைக் கண்ட காந்தியை நீராட அழைத்தார்கள். ஹரிஜனங்கள் இந்த அருவியில் நீராட முடியாது என்பது அவருக்குத் தெரியவந்தது. அவர் குளிக்காமல் திரும்பினார்.

நிலநடுக்கத்தைப் பற்றிய வாதத்தில் நான் தாகூர் பக்கம். ஆனால் குற்றாலத்துச் செயலில் மறுப்பதற்கு எதுவுமில்லை. மலையிலிருந்து தானே இறங்கி வரும் நீர். யாரும் வெட்டிய குளமன்று, யாரும் இறைத்த கிணறன்று. ஆனாலும் அருவித்துறை கோயிலை ஒட்டியது, அருவி தீர்த்தம், ஆகவே கோயிலுக்குள் நுழைய முடியாதவர் அருவிக்குள்ளும் நுழைய முடியாது. இந்த மலையின் வளத்தைச் சொல்ல ஒரு குறத்தியே தகுதியானவள் என்று இலக்கியம் கருதி இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் நிலைமை இது.

குற்றாலம் சென்றவர்கள் பிரானூர் 'பார்டரை' அறிவார்கள். பரோட்டாவுக்கும் கோழிக்கும் பெயர்போன இடம். எங்கள் வேனும் அன்றிரவு அங்கேதான் நின்றது. இரண்டு பக்கமும் தமிழ்நாடாக இருக்கையில் இதற்கேன் பார்டர் என்று பெயர் என ஒருவர் கேட்டார். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதி. குற்றாலமும் தென்காசியும் பிரிட்டிஷாரின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. எல்லை போய்விட்டது; பெயர் பரோட்டாக் கடைகளில் தங்கிவிட்டது.

அந்த எல்லைக்கு ஒரு காலத்தில் இருந்த பொருளை எண்ணிப் பாருங்கள். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். வைக்கத்தில் 1924–25இல் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த அதே சமஸ்தானத்தில், அரசின் பொறுப்பிலிருந்த கோயில்கள் இந்துக்களில் எல்லாச் சாதியார்க்கும் திறந்தன. பார்டருக்கு மேற்கே செங்கோட்டையில் ஒரு சட்டம். சில கல் தொலைவில், கிழக்கே குற்றாலத்தில் வேறொன்று. ஒரே மலை, ஒரே மழை.

சென்னை மாகாணத்தில் இராஜாஜி பிரதமராக இருந்தபோது, 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அதையொட்டி அவசரச் சட்டமும், பின்பு ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. அச்சட்டம் திறக்க விரும்பிய கோயில் அறங்காவலர்க்கு வழிவிட்டது. எல்லாக் கோயில்களையும் திறக்குமாறு கட்டளையிடவில்லை. அந்தக் கட்டளை 1947இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது வந்த சட்டத்தில்தான் முழுமை பெற்றது. சட்டம் வந்த மறுநாளே எல்லா இடத்திலும் எல்லாரும் நுழைந்துவிட்டார்கள் என்று நம்பும் அளவுக்கு நாம் பேதையர் அல்லர். ஆயினும் அருவியில் நிற்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு விடை வந்துவிட்டது.

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இன்றைய கூட்டம் வேறுவிதமாகத் தெரிகிறது. நாள் பார்த்து வந்த யாத்திரிகர், சீசன் பார்த்து வந்த துரை, இரயிலில் வந்த வக்கீல் எனக் கூட்டம் ஒவ்வொரு படியாக விரிந்து வந்திருக்கிறது. அதன் கடைசிப் படியில்தான் பேருந்திலும் வேனிலும் வருகிறவர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் முன் வந்தவர்களுக்கும் இடையே ஒரு கதவு இருந்தது. அது திறக்கும்வரை நீடித்த அமைதியைத்தான் நாம் அருவியின் இயல்பான அமைதி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

*

இதனால் கூட்டம் என்பதே மங்கலம் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் என்ன செய்யும் என்பதைக் காஞ்சிபுரத்துக்காரன் நன்கறிவான். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள், வரதராசப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைக் காண ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கு. எங்கள் தெருவில் பால் வண்டி வரவில்லை. கல்லூரிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து போனோம். நெரிசலில் உயிர்களும் போயின. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து வெளிப்படுபவரைக் காண ஒரு நாடே புறப்பட்டு வந்தால் ஒரு சிற்றூரின் தெருக்கள் என்ன செய்யும்? குற்றாலத்துக்கு அந்த நிலை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது.

அருவியின் ஆபத்தும் மெய்யானது. 2024 மே 17 அன்று, சீசன் முறைப்படி தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். ஆயிரம் மைல் கடந்து வந்தவர்போலச் சிலர் காவலரோடு சண்டையிடுகிறார்கள். தடை விதிப்பவர்தான் சரி.

எண்ணெய்க் குளியல் குற்றாலத்தின் பழைய சுகங்களுள் ஒன்று. பாறையோரம் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் ஊரின் ஓர் அங்கமாக இருந்தார்கள். எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் சிற்றாற்றைக் கெடுப்பதால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி அருவியில் அவற்றுக்குத் தடை வந்தது. தடை வேண்டியதுதான், அதனால் பிழைப்பு மெலிந்த கைகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மேலே செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் செல்வதை வனத்துறை கட்டுப்படுத்தியிருப்பதும் காட்டுக்கு நல்லது.

இத்தகைய தடைகள் எல்லார்க்கும் ஒன்று. எனக்கு அச்சமூட்டுவது வேறுவகைக் கதவு. அருவிக்கு வரும் நீரோட்டத்தைத் தம் வளாகத்துக்குள் திருப்பிச் செயற்கை அருவி அமைத்துக்கொண்ட விடுதிகள் பற்றிய வழக்கு 2022இல் மதுரைக் கிளை முன் வந்தது. அவற்றை மூட நீதிமன்றம் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. கூட்டமின்றிக் குளிக்கலாம் என்பதே அந்த இடங்களின் கவர்ச்சி. வாயிலில் கேட்பது சாதியை அன்று, பணத்தை. ஆனாலும் தானே இறங்கி வரும் நீருக்கு வாயில் வைக்கும் வேலை, 1934இல் ஒருவர் குளிக்காமல் திரும்பிய கதையை எனக்கு நினைவூட்டுகிறது.

*

மறுநாள் திங்கட்கிழமை விடியலில் மீண்டும் பேரருவிக்குப் போனோம். வரிசை சிறியது. எங்கள் வேனில் வந்தவர்களில் எழுபது வயதைக் கடந்த ஆயா ஒருவர் இருந்தார். கணவரோடு ஐம்பது ஆண்டு கோர்வைப் புடவை நெய்தவர். ஒருவர் நாடா எறிய, மறுபுறம் கரைக்கு இன்னொருவர் உட்கார வேண்டிய வேலை அது. குழித்தறியில் கால் தொங்கவிட்டே முழங்கால் போய்விட்டது என்பார். முதல் நாள் நெரிசலில் அவரை நிற்க வைக்க அஞ்சி, மகள் அறையிலேயே விட்டுவிட்டாள். அன்று இரண்டு பெண்கள் தாங்கிப்பிடிக்க, கம்பியைப் பற்றியபடி பெண்கள் பகுதிக்குள் சென்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை. "ஆயா, எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "யாரோ தலையில அடிச்சுட்டே இருந்தாங்க சார், வலிக்கவே இல்ல" என்றார். பிறகு வரிசையைப் பார்த்து, "இவ்ளோ பேரு வந்தும் தீரலயே இந்தத் தண்ணி" என்றார்.

எனக்குத் தோன்றாத கோணம் அது. எங்கள் ஊரில் தண்ணீர் என்பது லாரி வரும் நேரம். குடத்துக்குப் பின் குடம். பின்னால் நிற்பவளுக்குக் கிடைக்குமா என்ற கவலை. பாலாற்று நீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்த மினுமினுப்பு என்று வாடிக்கையாளரிடம் சொல்வார்கள். அந்த ஆற்றில் நீர் ஓடி அவர் கண்டது எப்போதோ. அப்படி வாழ்ந்த ஒருவருக்கு, முன்னால் நிற்கும் ஆயிரம் பேர் தன் பங்கைக் குறைத்துவிடவில்லை என்பதே அருவியின் அதிசயம். நான் கூட்டத்தால் அருவி குறைந்துபோனதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டு குறவஞ்சி வகுப்பை மலைவளத்தில் தொடங்கவில்லை. பவனியில் தொடங்கினேன். பாதி அலங்காரத்தோடு ஓடிவரும் பெண்களைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கூட்டத்தில் வர அன்று யாருக்கெல்லாம் முடிந்திருக்கும் என்று மாணவர்களைக் கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தது வகுப்பு. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சிங்கி அருவியில் குளித்ததாகக் கவிராயர் எங்கேயாவது பாடியிருக்கிறாரா ஐயா?" என்று கேட்டாள்.

நூலை எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.